ஜப்பான் பக்கம்

தீவு நகரின் பேட்டையான பத்துபஸ்தியில் அபி நடத்தும் கேம் கடையின் தகரக் கூரைமேல் பிற்பகல் மழை கொட்டுகிறது. உள்ளே திரையின் நீல வெளிச்சத்தில் அவளுடைய அண்ணன் ரவிசங்கரும், மழைக்கு ஒதுங்கிய தகுமா என்ற ஜப்பான்காரரும் தோளுரச உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் உலகப்போர். "ஜப்பான் பக்கம் உங்களுக்கு" என்று கன்ட்ரோலரை அவர் கையில் திணித்ததே ரவிசங்கர்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவை, அந்தப் போரில் இதே தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான் ராணுவம் உளவாளி என்று சொல்லிச் சுட்டுக் கொன்றது. உடல்கூட வீடு வந்து சேரவில்லை. தகுமாவுக்கு அது தெரியாது. ரவிசங்கர் திரையில் அவருடைய சிப்பாயின் நெற்றியில் சுடுகிறான். ஜப்பான் சிப்பாய் சுருண்டு விழுந்து, மறுபடி உயிரோடு எழுகிறான். மறுபடி சுடுகிறான். சிப்பாய் வானத்தைப் பார்க்கிறான், சுவரில் முட்டுகிறான், சாகிறான். தகுமா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வெட்கத்தோடு சொல்கிறார்: "எங்கள் ஊரில் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவர்கள் குறைவு. நாங்கள் பூதங்களை வேட்டையாடுவோம். இங்கே?"

"இங்கே எல்லோரும் சுடுவோம்."

"பஸ் கரோண்ணா, போதும்" என்கிறாள் அபி. "பாவம், அவருக்குச் சுடவே தெரியல."

"தெரியலன்னா கத்துக்கட்டும்."

ரவிசங்கர் அவருடைய விரலைப் பிடித்துச் சரியான பட்டன்மேல் வைக்கிறான். விரல் வெதுவெதுப்பாக இருக்கிறது. "இப்போது சுடுங்கள்" என்கிறான். தன் சிப்பாயை வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தி, அவர் சுடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.