கலையாத கூட்டம்

ஊர் நடுவே நூறு வருஷத்துப் பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, பல்கலைக்கழகம் திறந்த சமூகத் தொடர்பு மையத்தில் அன்று முதல் கூட்டம். 'ஜனங்க பாதியில எழுந்து போனா மையத்தையே மூடிடுவேன்' என்று துணைவேந்தர் சொல்லியிருந்ததால், இயக்குநர் அம்மா தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.

பேராசிரியர் மூன்று மணி நேரம் அறுத்தார். வாசல்வரை போனவர்கள்கூட, பேச்சின் ருசியோ என்னவோ, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்!

"அசத்திட்டீங்கம்மா!" என்றார் துணைவேந்தர்.

பூரித்துப்போன அம்மா அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. தட்டினார்.

"உள்ள போய் உட்காருங்க!" வெளியிலிருந்து வாட்ச்மேன் அதட்டினார். "இது ஜெயிலா இருந்தப்பவே என்கிட்டேருந்து ஒருத்தன் தப்பிச்சதில்ல. பெயிண்ட் அடிச்சுட்டா மட்டும் விட்டுடுவேனா?"