பயத்தமாவும் தேங்காயெண்ணெயும்

"அந்தக் கூடையில கைய வச்சே, ஒடிச்சுப்புடுவேன் ஒடிச்சு!"

பேச்சியம்மா போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளே திரும்பிப் பார்த்தன. கொழுந்துக் கூடையைத் தொடப்போன மகள் நாகலெட்சுமி, திருட வந்தவளைப்போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னடி அநியாயம் இது? பெத்த மகள வீட்டுச் சாமானத் தொட விடமாட்டேங்கிற?" பக்கத்துக் காம்பராவிலிருந்து ராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் நீ சொன்ன சொல்லுதான்" என்றாள் பேச்சியம்மா.

ராசம்மா சொன்னது இதுதான். டயகமத் தோட்டத்திலிருந்து தை மாதம் நாகலெட்சுமியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சோலைமலைக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. "இந்தக் கையப் பாத்தான்னா, குடிச்ச தேத்தண்ணியத் துப்பிட்டு ஓடிருவான்!"

அதில் பொய்யில்லை. சாறு ஏறிக் கறுத்த விரல்கள், வெடிப்புக்குள் வெடிப்பு. புருஷன் போன பிறகு மகளை நல்ல இடத்தில் கொடுத்துவிடுவது ஒன்றுதான் பேச்சியம்மாவுக்கு மிச்சமிருந்த ஆசை. இந்த இடம் தவறினால் இன்னொன்று எப்போது வருமோ?

சவுக்காரம், எலுமிச்சங்காய், செங்கல்தூள் என்று பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல மகள் கையைத் துலக்கினாள். கறை போகவில்லை, தோல்தான் போயிற்று.

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா தம்பிஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதென்ன, பிள்ளையின்ர கையை அம்மியெண்டு நினைச்சியளோ? உந்தச் சவுக்காரத்தையும் எலுமிச்சங்காயையும் தூக்கி எறியுங்கோ. பயத்தமாவால மெல்லக் கழுவி, ஈரம் காயமுந்தித் தேங்காயெண்ணெய் பூசுங்கோ. காலமையும் பின்னேரமும். அவ்வளவுதான்."

"கறை போயிருமுங்களா?"

"புதுத்தோல் வரும். அது வருமட்டும் கொழுந்துச் சாறு படக்கூடாது. சம்மதமோ?"

கூடைக்குத் தடை விழுந்தது அப்படித்தான். மகளுக்குச் சுகமில்லை என்று கங்காணியிடம் புளுகினாள் பேச்சியம்மா. நின்றுபோன கூலியை ஈடுகட்ட, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் தான் மட்டும் மலையேறினாள். எண்ணெய் மகள் கைக்கே போதவில்லை. தாயின் வெடிப்புக்கு மலைப்பனிதான் மருந்து.

"ஆத்தா, ஒங் கையில ரத்தம் வருது. கொஞ்சம் எண்ணெ போட்டுக்கயேன்."

"என்னயப் பாக்கவா மாப்பிள்ள வர்றான்? நீ ஒங் கையப் பொத்தி வையி."

தை பிறந்தது. நாகலெட்சுமியின் கை உரித்த வாழைத்தண்டாகியிருந்தது. "பங்களாத் தொரசானி தோத்தா போ!" என்று ராசம்மாவே கன்னத்தில் கைவைத்தாள். பேச்சியம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மீனம்மா இஸ்தோப்புத் திண்ணையில் ஏறும்போதே, ஆணியில் தொங்கிய கூடைகளைப் பார்த்தாள்.

"ரெண்டு கூட தொங்குது. ஒண்ணுல நூலாம்படை புடிச்சிருக்கே?"

"அது பழசுங்க" என்று சிரித்து மழுப்பினாள் பேச்சியம்மா. வாங்க வருகிறவர்கள் சரக்கை விட்டுவிட்டுச் சாக்கைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேத்தண்ணீர் வந்தது. மீனம்மா பெண்ணின் கையை எடுத்து, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பினாள். பெருவிரலால் உள்ளங்கையை அழுத்தித் தடவினாள்.

"பஞ்சு மாதிரி இருக்கே!"

பேச்சியம்மாவுக்குக் குளிரே விட்டுப்போயிற்று. சரக்கு பிடித்துவிட்டது. இனி விலையை ஏற்றவேண்டியதுதான்.

"பொண்ணு மலைக்கே போனதில்லீங்களா?"

நாகலெட்சுமி வாயைத் திறந்தாள். தாய் முந்திக்கொண்டாள்.

"ஒரு கொழுந்து கிள்ள விட்டதில்லீங்க! ராணி மாதிரி வச்சிருக்கேன். சாமிக்குப் பூப் பறிக்கிறதுகூட நாந்தான்!"

மீனம்மா மகனைப் பார்த்தாள். சோலைமலை தலையைக் குனிந்துகொண்டான். கோப்பை பாதித் தேத்தண்ணீரோடு கீழே இறங்கியது.

"நேரமாச்சுங்க. பஸ்ஸ விட்டா நடக்கணும்" என்று மீனம்மா எழுந்தாள். நாகலெட்சுமிக்கு வைக்கக் கொண்டுவந்த பூ மடியிலேயே இருந்தது.

வாசல்வரை வந்தவள் நின்றாள். விடைபெறக் கும்பிட்ட பேச்சியம்மாவின் கைகளைப் பிடித்துப் பிரித்தாள். கறுத்து, வெடித்து, ரத்தம் காய்ந்த அந்தக் கைகளை, பெண்ணின் கையைப் பார்த்ததைவிட அதிக நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு ஏக்கமாகச் சொன்னாள்:

"எங்களுக்குக் கொழுந்து பறிக்கிற மருமகதான் வேணுமுங்க. இந்த மாதிரி கையோட ஒரு பொண்ணு இருந்தா சொல்லிவிடுங்க."