நடுவில் வைத்த நம்பர் பிளேட்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இளைய மாப்பிள்ளை டர்போ ட்ரக் வாங்கிவிட்டார். அறிவித்தது வேறு யாருமில்லை, அந்த ட்ரக்கேதான். தெருவுக்குள் நுழைந்து, ஆமை மாதிரி ஊர்ந்து, வீடு வீடாக முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது.

மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கும் மூத்த மாப்பிள்ளை, பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தார். நுரை தொண்டைக்குள் இறங்கியது. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்; வண்டி வருகிற தினுசைப் பார்த்தே ஓட்டுகிறவனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று பேர்.

“பாத்தியா? நடந்து போற கிழவி அவனை முந்திக்கிட்டுப் போறா. எல்லாரும் பாக்கணும்னே உருட்டுறான்,” என்றார் மனைவியிடம். “ஸ்டியரிங்கை எப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கான் பாரு. புதுப் பொண்டாட்டியைக்கூட எவனும் அப்படிப் பிடிக்க மாட்டான்.”

“என் தங்கச்சி கொடுத்து வச்சவ,” என்றாள் மனைவி. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதையும் அவள் வீட்டு வேலைகளில் ஒன்றாகவே செய்துவந்தாள்.

வயிறு எரிந்தது வண்டிக்காக மட்டுமல்ல. மாமனாரின் தம்பி மலைமேல் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை மாமனாரை அங்கே கூட்டிப்போகும் கௌரவம் மூத்தவரின் பழைய காருக்கே உரியது. போன வருஷம் அது பாதி ஏற்றத்தில் கொதித்துப் புகை கக்கியது. மாமனாரே இறங்கித் தள்ளினார். இந்த வருஷம், “நாளைக்கு நான் சின்னவர் ட்ரக்லதான் வருவேன்,” என்று பளிச்சென்று சொல்லிவிட்டார்.

கீழே இளையவர் கையில் நம்பர் பிளேட்டோடு நின்றார். மரச்சாமான் கடைக்காரர், பேச்சிலும் மெருகு உண்டு.

“பின்னாடி பிளேட்டை ஷோரூம்லயே மாட்டிட்டாங்க சகலை. முன்னாடிதான் பாக்கி. உங்க கையால மாட்டிக் கொடுங்க.”

ட்ரக்கின் முகத்தில், நடுவே அகலமாக ஒரு வாய். அதற்குள் மீன் செவுள் மாதிரி ஓர் அலுமினியப் பெட்டி. டர்போ சூடாக்கி அனுப்புகிற காற்றை ஆற்றிக் கொடுப்பது அதுதான். அந்த வாயை அடைத்தால் ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும் என்பது வாத்தியாருக்கு மனப்பாடம். வகுப்பே எடுத்திருக்கிறார்.

“ஷோரூம்ல இடது ஓரமா வைக்கச் சொன்னாங்க,” என்றார் இளையவர்.

“ஓரமாவா? மூக்கு முகத்துக்கு நடுவுலதானே இருக்கு, கன்னத்துலயா இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாததா சகலை.”

வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்துக்கே அவர் உருகிப்போயிருப்பார். இன்று டிரில்லை எடுத்தார்.

பிளேட் அந்த வாயில் பாதியைத்தான் மறைத்தது. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. “வெறும் பிளேட் ஆடும். பலத்துக்குப் பின்னாடி ஒரு தகடு கொடுக்கணும்,” என்று மாடிக்குப் போய், டிரைவிங் ஸ்கூலின் பழைய தகரப் போர்டைக் கொண்டுவந்தார்.

இளையவர் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். “‘பயமின்றி ஓட்டப் பழகுங்கள்.’” பெருமூச்சு விட்டார். “நல்ல வாசகம் சகலை.”

வாசகம் உள்பக்கம் திரும்ப, போர்டு வாயைச் சுத்தமாக அடைத்துக்கொண்டது. அதன்மேல் பிளேட் ஜம்மென்று உட்கார்ந்தது.

“ஸ்க்ரூ போதாதா?”

“ஸ்க்ரூவை எவன் வேணா கழட்டுவான். ரிவெட் அடிச்சுட்டா, பம்பரையே அறுத்தாத்தான் உண்டு.”

அடித்தார். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு காட்சி கண்முன் வந்தது: ட்ரக் வளைவில் திணறுகிறது, நிற்கிறது, மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிறார். கடைசி ரிவெட்டை அடிக்கும்போது, தன் பழைய கார் ஹாரன் அடித்தபடி அவர்களைத் தாண்டிப் போவதையும் பார்த்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் ஒரு பாட்டை முணுமுணுத்தார்.

சத்தம் கேட்டு மாமனார் வெளியே வந்தார். பிளேட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

“கெட்டியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு. போன வருஷம் தள்ளினதுல பிடிச்ச இடுப்பு இன்னும் விடல. நாளைக்கு இதையும் என்னைத் தள்ள வச்சா, ஓட்டினவர் யாரா இருந்தாலும் சரி, அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது.”

“நியாயம்தான் மாமா! ரொம்ப நியாயம்!” என்றார் மூத்தவர். சிரிப்பை மறைக்க இரண்டு தரம் இரும வேண்டியிருந்தது.

மாமனார் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இளையவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பையிலிருந்து ட்ரக் சாவியை எடுத்து, மூத்தவரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“மாமாகிட்ட நேத்தே சொல்லிட்டேன் சகலை. எனக்கு மலை ரோடுன்னா கை நடுங்கும். நாளைக்கு நீங்கதான் ஓட்டுறீங்க.”