அட்டையில் சிரித்த விவசாயி

"வேட்டியில இன்னும் கொஞ்சம் மண்ணைப் பூசிக்குங்ணா. அப்பத்தான் விவசாயியாத் தெரியும்" என்றார் பிரதீப், பனியன் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர்.

வெளிநாடு போகும் ஒவ்வொரு பனியனிலும் ஓர் அட்டை தொங்கப்போகிறது: 'இந்தப் பஞ்சை விளைவித்தவர் இவரே.' அதற்குத்தான் வெள்ளகோவில் விவசாயி தங்கவேலுவைப் படமெடுக்க வந்திருந்தார்.

தங்கவேலு இரு கையிலும் ஏந்திய பஞ்சைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேமராவைப் பாருங்ணா."

"கண்ணை எடுக்க முடியலீங்க. என்னமா வெளுப்பு!"

"உலகமே உங்களைப் பார்க்கப்போகுது. பெருமையாச் சிரிங்க."

சிரித்தார். படம் முடிந்தது.

"பஞ்சைக் குடுங்ணா, குடோன்ல திருப்பி வைக்கோணும்."

தங்கவேலு தரவில்லை. "இது எந்தூருப் பஞ்சுங்க?"

"அமெரிக்கா. கப்பல்ல வந்துச்சு. நம்மூருப் பஞ்சைவிட விலை கம்மி."

"இந்தப் பஞ்சு வந்து எறங்குனதாலதானுங்க நான் பருத்தியவே உட்டுப்போட்டேன். காடு தரிசாக் கெடக்குது. இந்த வெதை கெடச்சா மறுபடி போட்டுப் பாப்பேன்."

"வெதையில ஒண்ணுமில்லீங்ணா. அங்க பருத்தி போடறவனுக்குச் சர்க்காரே பணம் குடுக்குது. அதான் அடிமாட்டு விலைக்கு வித்தாலும் தாங்கறான். உலக வர்த்தக ஒப்பந்தம்னு சொல்லி நம்ம சர்க்கார் கதவைத் தொறந்து உட்டிருச்சு."

தங்கவேலுவின் கையிலிருந்து பஞ்சு நழுவியது.

"வெவசாயம் பண்றவன் நட்டத்துக்குச் சர்க்கார் பணம் குடுக்குதுங்களா!"

விழுந்த பஞ்சை அள்ளி பிரதீப்பின் கையில் கொடுத்தார்.

"என்னைப் படம் புடிச்சு என்னங்க பண்றது? அந்தச் சர்க்காரை ஒரு படம் புடிச்சுட்டு வாங்க. ஊட்டுல மாட்டிக் கும்பிடறேன்."