பதினைந்துக்குப் பதினைந்து

"லியோபோல்ட் மாமா! ஒரே ஒரு சீட்டாவது விட்டுக் குடுங்கன்னு எங்ககிட்டக் கெஞ்சியிருக்கலாமே! பாவம்னு விட்டிருப்போம்ல!"

வாசலில் நின்று துடைப்பத்தைத் தலைக்கு மேல் ஆட்டியபடி கத்தினாள் வெர்லின். மொத்தமாகப் பெருக்கித் தள்ளிவிட்டோம் என்று காட்ட, மஞ்சள் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வீடு துடைப்பமும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தீவில் இருப்பதே பதினைந்து தொகுதி. பதினைந்தும் மஞ்சள். நேற்று வரை ஆண்ட பச்சைக் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. கடற்கரையில் மீனவர்கள் விடிந்ததிலிருந்து சங்கு ஊதுவதை நிறுத்தவில்லை.

பச்சைக் கட்சியின் கிளைச் செயலாளரான லியோபோல்ட், ரொட்டிப் பையோடு எதிரே வந்தவர் நின்றார்.

"ஆடு, ஆடு. ரேடியோவுல மந்திரிங்க பேரு வாசிச்சாங்களே, உன் வீட்டுக்காரன் பேரைக் காணோமே? அந்தத் துடைப்பத்தை அவன் கையில குடுத்து சபையைப் பெருக்கச் சொல்லுவாங்களோ?"

வெர்லினுக்குச் சுருக்கென்றது. வேகமாக உள்ளே வந்தாள்.

அவள் கணவன் அன்செல்ம் போனை மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெல்ஆன்ஸ் தொகுதியில் முதல்முறை நின்று, தீவிலேயே அதிக வித்தியாசத்தில் ஜெயித்தவன். தேர்தலில் நிற்பதற்காகத் தலைமையாசிரியர் வேலையையும் ராஜினாமா செய்திருந்தான். கணவன் மந்திரியாகப் போகிறான் என்று வெர்லின் ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னும் கூப்பிடலையா?"

"இல்லை."

"மீன்வளத்தை அந்த ஹூபர்ட்டுக்குக் குடுத்திருக்காங்களாம்! படகுல ஏறினாலே வாந்தி எடுக்கிற ஆளு!"

"பதினாலு பேருக்கு இடம் ஆயிடுச்சு வெர்லின். நான் ஒருத்தன்தான் பாக்கி."

"நீயே கூப்பிட்டுக் கேளேன்."

"எப்படிக் கேக்கிறது? தலைவரே, என்னை மறந்துட்டீங்களான்னா?"

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அன்செல்ம் பாய்ந்து எடுத்தான். "தலைவரே!" என்றவன், அப்படியே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெர்லின் கதவில் காதை வைத்தாள். வெளியே சங்குச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"நானா?... எனக்கு அது எப்படித் தலைவரே... இல்லை, மாட்டேன்னு சொல்லலை... சரி. நீங்க சொன்னா சரி."

கதவு திறந்தது. அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன பதவி? சொல்லு!"

"பதவியேத்துக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"எங்கிட்டக்கூடவா?"

"உங்கிட்டச் சொன்னா அரைமணியில தீவு முழுக்கத் தெரிஞ்சிடும்னார்."

"பெருசா சின்னதா? அதையாவது சொல்லு மனுஷா, என் நெஞ்சு வெடிச்சிடும்!"

"தனிக் கார். டிரைவர். தனி ஆபீஸ். நாடு முழுக்க ஒரே ஒருத்தருக்குத்தான் அந்தப் பதவி."

வெர்லின் ஒரு நொடி யோசித்தாள். அடுத்த நொடி வீடு அதிர்ந்தது.

"துணைப் பிரதமர்! ஐயோ, அதுதான் கடைசிவரைக்கும் பேரு சொல்லலையா!"

அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோட்டைத் தேடினான். கழுத்துக்கு நீல டை எடுத்தவனை அவள் விடவில்லை. "இன்னிக்குப் போய் நீலமா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் டையைத் தன் கையாலேயே கட்டிவிட்டாள். மறுபேச்சில்லாமல் நின்றான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பகல் இரண்டு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. பன்னிரண்டு வேன்கள், லாரியில் ஆளுயர ஸ்பீக்கர்கள், மேலே ஏறி ஆடும் இளவட்டங்கள். லியோபோல்டின் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, வெர்லின் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"மாமா! கடையைச் சாத்திட்டு வாங்க, துணைப் பிரதமர் வீட்டுல விருந்து! இனிமே எதிர்க்கட்சிங்கிற பேச்சே இந்தத் தீவுல கிடையாது! இருந்தா என் வீட்டு வாசப்படி ஏறவிட மாட்டேன்!"

கூட்டம் ஓவென்று கத்தியது. உள்ளே அன்செல்ம் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "போதும் வெர்லின், உக்காரு" என்றான். அவள் எங்கே உட்கார்ந்தாள்!

மூன்று மணிக்கு ஆளுநர் மாளிகைத் தோட்டம் நிரம்பி வழிந்தது. பிரதமர் பதவியேற்றார். மந்திரிகள் பதின்மூன்று பேர் வரிசையாக ஏற்றார்கள். ஒவ்வொருவருக்கும் வெர்லின் கை சிவக்கத் தட்டினாள். கடைசியாக அன்செல்மின் பெயர் ஒலித்தபோது நாற்காலிமேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

ஆளுநர் தாளைப் பிரித்தார்.

"எதிர் வரிசையில் ஆளே இல்லாமல் சபை நடத்த நமது சட்டத்தில் இடமில்லை. எனவே ஆளும் கட்சியிலிருந்து இன்று விலகி வந்திருக்கும் திரு. அன்செல்ம் அவர்கள், எதிர்க்கட்சித் தலைவராகப் பதவியேற்கிறார்."

எல்லோருக்கும் முன்னால் எழுந்து கைதட்டியவர் பிரதமர்தான்.