சுவரோர நிழல்

"இந்தச் சுவரோரம் நாள் பூரா நிழல்தானே?"

அண்ணி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மற்றதெல்லாம் உத்தரவு.

"ஆமா" என்றேன்.

மாடியிலிருந்து அவள் கீழே இறங்கி வந்ததே அதிசயம். கையில் சாக்பீஸ். யாரோ ஒருத்தி தோட்டம் போடச் சொல்லிக்கொடுப்பதைச் சில நாளாகச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் ஒரு தொட்டிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவள் இல்லை.

பின்முற்றத்துச் சிமெண்ட் தரையில் நிழல் எதுவரை விழுந்ததோ அதுவரை கோடு இழுத்தாள். நடுவில் ஒரு வட்டம், அது மேசை. சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்கள், அவை நாற்காலிகள். சுவரை ஒட்டி நீளமாகப் பாத்தி. நிழலில் வளரும் செடிகள் அங்கே.

அம்மாவின் விரிப்புகள் கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு அவற்றுக்கு அடியில் குனிந்து போனாள்.

"மொதல்ல இந்தக் கயித்த அவுக்கணும். நாலு பேரு வந்து உக்கார்ற இடம். மூத்திரத் துணியப் பாத்துக்கிட்டா காபி குடிப்பாங்க?"

"தொவச்சதுதான் அண்ணி."

"மாடியில கொண்டுபோய்க் காயப்போடு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு வீட்ல சும்மாதானே இருக்க? கால் இல்லையா உனக்கு?"

எனக்குக் கால் இருக்கிறது. அம்மாவுக்குத்தான் விழுந்துவிட்டது. காலோடு பேச்சும் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவாள்.

கொடிக்கயிறு அவள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னலைப் பார்த்து ஓங்கி ஒரு உதறு உதறுவேன். உள்ளேயிருந்து 'டங்' என்று ஒரு தட்டு வரும். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று நான். கேட்டது என்று அவள்.

மாடியில் நின்றால் அந்தச் சத்தம் கேட்காது. அண்ணனிடம் சொன்னேன்.

"அவகிட்ட எதுக்குடி மல்லுக்கு நிக்கிற?" என்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அதனால் நிழலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

காலையில் அங்கே விழுவது சுவரின் நிழல். அது விலகும் நேரத்துக்கு விரிப்புகள் கயிற்றுக்கு வந்துவிடும். அதற்குமேல் பொழுது சாயும்வரை அவற்றின் நிழல்தான். காலிக் கயிற்றை அண்ணி பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டுமென்றால், நான் துவைக்கிற நேரத்தில் ஒரு தடவையாவது கீழே எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

செடிகளை இறக்கிவைத்த நர்சரிக்காரர் சொன்னார். "நேர் வெயில் மட்டும் ஆகாதும்மா. ஒரு மத்தியானம் போதும், கருகிடும்."

"இங்க வெயிலே வராதுங்க" என்றாள், தன் அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த நிழல் மாதிரி.

மறுநாள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் காலடியில் எறிந்தாள். நான் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

இறங்கி வந்தபோது கரண்டி தரையில் கிடந்தது. அம்மா விரல் முட்டியால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

மத்தியானம் பெரணிச் செடிகளின் இலைகள் ஓரம் சுருண்டு பழுப்பேறின. அண்ணி வானத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதானே சொன்ன? ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு, என்ன நெஞ்சழுத்தம்டி உனக்கு!"

"நீங்க கேட்டப்ப நிழலாத்தானே இருந்துச்சு?"

அவளே கயிற்றைத் திரும்பக் கட்டினாள். முடிச்சுப் போடத் தெரியாமல் ஒரு நகம் பிய்ந்தது. அன்றைக்கு நான் இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. விரிப்புப் போடக் கொஞ்சம் தாமதமானால் மட்டும் மாடி ஜன்னல் படாரென்று திறக்கும்.

"செடி வெயில்ல நிக்குது!"

என் அம்மா படுக்கையை நனைத்தால்தான் அவள் செடி பிழைக்கும். துவைக்கும்போது இதை நினைத்துத் தனியாகச் சிரிப்பேன்.

காரியத்துக்கு வந்திருந்தவர்கள் நேற்றோடு கிளம்பிவிட்டார்கள். கயிற்றை நிறைத்திருந்த அவர்கள் துணிகளும் போய்விட்டன. இன்று காலை எழுந்ததும் பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

துவைக்க ஒன்றும் இல்லை.

அம்மாவின் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

காலி வாளியோடு பின்படியில் உட்கார்ந்தேன். சுவரின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியது. வெயில் பாத்தியின் விளிம்பைத் தொட்டது. முதல் பெரணியின் மேல் ஏறியது.

கருகட்டும்.

மாடி ஜன்னல் திறந்தது. அவள் கத்தப்போவதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. பல நாளாகச் சேர்த்துவைத்த பதில்.

அண்ணி இறங்கி வந்தாள். கையில் அவள் பீரோவிலிருந்து எடுத்த விரிப்பு. மடிப்புக்கூடக் கலையாதது.

நிழலுக்கு அதை அப்படியே போட்டாலே போதும்.

அவள் என் கையிலிருந்து வாளியை வாங்கினாள். குழாயைத் திறந்து நிரப்பி, விரிப்பை முக்கி எடுத்து, என்னைப் போலவே மணிக்கட்டில் சுற்றிப் பிழிந்தாள். கயிற்றருகே போய், அம்மாவின் ஜன்னலைப் பார்த்து ஓங்கி ஒரு உதறு உதறினாள்.

நின்றாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு விரிப்பைக் கயிற்றில் போட்டு, இரண்டு ஓரத்திலும் கிளிப் மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.