மதிப்புரைக்குப் போன பிரதி

"ஒரு வரிகூட தேறலம்மா. மனசுல பட்டதை எழுதிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

விமர்சகர் தன் மதிப்புரையைப் பத்திரிகை ஆசிரியரின் மேசைமேல் வைத்தார். எதிர் நாற்காலியில் அந்தப் புத்தகத்தை எழுதியவள் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை, நாவல், திரைக்கதை என்று அவள் எதை எழுதினாலும் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் மட்டும் இருபது வருடமாக முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். கட்டுரைகளை 'அடுப்படி அரட்டை' என்றார். நாவலை 'நீண்ட அரட்டை' என்றார். அவள் எழுதிய படம் ஓடு ஓடென்று ஓடியபோது, பார்த்தவர்களையும் சேர்த்துத் திட்டினார்.

ஆசிரியருக்குத்தான் கவலை. இந்தப் புதிய கட்டுரைத் தொகுப்பையும் இவர் கிழித்தால், அவளுடைய அடுத்த புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"எது சார் ரொம்ப மோசம்?" என்று கேட்டாள்.

"அந்த மழைக் கட்டுரை. 'நனையாதவர் மழையை எழுதக் கூடாது'ன்னு ஒரு வரி. தத்துவமாம். பொம்பளைங்க பேனாவை எடுத்தா இப்படித்தான் வரும்."

"முழுசாப் படிச்சீங்களா சார்?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு, கடைசிப் பக்கம் வரைக்கும்."

"அப்போ ஒரு எழுத்துகூட மாத்தாம போட்டுடுங்க," என்றாள் ஆசிரியரிடம். பிறகு விமர்சகர் பக்கம் திரும்பி, "கீழே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார்," என்றாள்.

விமர்சகர் பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஆசிரியர் பொரிந்து தள்ளினார். "உங்களுக்கென்ன பைத்தியமா மேடம்? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன். எனக்கு மனசே ஆறல."

"எனக்கு இருபது வருஷமா ஆறல," என்றாள் அவள். "இன்னிக்குக் காலையிலதான் ஆறுச்சு. பைண்டர் போன் பண்ணி, அழாத குறையா மன்னிப்புக் கேட்டார். இவருக்குப் போன பிரதியில அட்டையும் பேரும் மட்டும்தான் என்னுதாம். உள்ளே வெச்சுத் தைச்சது, அதே அச்சகத்துல மறுபதிப்புக்கு வந்திருக்கிற நாற்பது வருஷப் பழைய தொகுப்பு. இவரோட முதல் புத்தகம்."